எண்ணுகிறவளின் தலை

அழைப்பு மணியை யாரோ கை தவறி அழுத்த, நாலு பேர் சட்டென்று எழுந்துவிட்டார்கள்.

இது பறக்காத விமானம், உள்ளே பயணி ஒருவரும் இல்லை என்று உறைத்ததும் அசடு வழிய உட்கார்ந்தார்கள்.

எங்களைப் போன்ற விமானப் பணியாளர்களைப் பழக்குவதற்கென்று கொட்டகைக்குள் கட்டிவைத்த பொய் விமானம் அது. இறக்கை கிடையாது, வால் கிடையாது. சங்கக் கூட்டத்துக்கு இத்தனை இருக்கைகள் வேறெங்கும் கிடைக்கவில்லை.

நடுப்பாதைக்கு இடப்பக்கம் நாங்கள், நீல ஸ்கார்ஃப். வலப்பக்கம் போன மாதம் எங்கள் கம்பெனியோடு இணைந்த சின்னக் கம்பெனிக்காரர்கள், சிவப்பு ஸ்கார்ஃப். பிரிந்து உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நாங்களாகத்தான் பிரிந்துகொண்டோம்.

சிவப்பில் மூன்றாவது வரிசை, ஜன்னலோரம், என் அண்ணி.

காலையில் இருவரும் ஒரே ஸ்கூட்டரில்தான் வந்தோம். இறங்கியதும் ஆளுக்கொரு பக்கம் போனோம்.

சங்கத் தலைவர் முன்னால் நின்றார், ஆக்சிஜன் முகமூடியை மாட்டிக் காட்டுகிற இடத்தில். "நமக்கு வழி ரெண்டுதான்" என்றபோது அவர் கைகள் பழக்கத்தில் முன்கதவையும் பின்கதவையும் காட்டின. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்போம்.

நிர்வாகம் சொல்வது இதுதான். நீலத்துக்குச் சம்பள உயர்வு உடனே உண்டு. பதிலுக்கு, சிவப்புக்காரர்களின் சர்வீஸுக்கு, கம்பெனிகள் இணைந்த நாளிலிருந்துதான் கணக்கு. சங்கம் ஒப்புக்கொள்வதா, வேண்டாமா?

அண்ணி பறக்க ஆரம்பித்து இருபது வருடம் இருக்கும். ஒப்புக்கொண்டால் நேற்று வந்த பெண்ணுக்கும் அவர் ஜூனியர். ஆட்குறைப்பில் முதலில் வீட்டுக்குப் போவது அவர்தான். ஆட்குறைப்பு வரப்போவது கேன்டீன்காரருக்கே தெரியும். அண்ணன் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். அண்ணி சம்பளத்தில்தான் அங்கே அடுப்பு எரிகிறது.

எனக்கு மட்டும் என்ன வாழ்கிறதாம்? மூன்று வருடமாக ஒரு பைசா ஏறவில்லை. என் பங்குக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது.

"அவங்க கம்பெனி முழுகுனதுக்கு நாங்களா பொறுப்பு?" என்றார் எங்கள் பக்கத்து மீசைக்காரர்.

"முழுகுன கம்பெனிய எதுக்குங்க காசு குடுத்து வாங்குனீங்க?" என்று வலப்பக்கத்திலிருந்து பதில் வந்தது.

நாளைக்கு நம்மையும் ஒருவன் வாங்கினால் நம் சர்வீஸ் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்திலேயே சிலர் கேட்டார்கள். மீசைக்காரர் அவர்களை முறைத்தார். அங்கங்கே பெல்ட்டை மாட்டுகிற சத்தம், கழற்றுகிற சத்தம். கையைச் சும்மா வைத்திருக்க ஒருவராலும் முடியவில்லை.

கடைசியில் ஓட்டெடுப்புக்கு வந்தார்கள். சமமாக வந்தால் மறுபடி பேச்சுவார்த்தை என்றார் தலைவர்.

எண்ணும் வேலை என் கையில் இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்று கூடுகிற சின்னக் கவுண்ட்டர். கதவு சாத்தியதும் பயணிகளின் தலையை எண்ண நாங்கள் வைத்திருப்பது. எண்ணுவது தெரியக்கூடாது என்று கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நடப்போம். அப்படியே நடந்தேன்.

முதலில் வேண்டும் என்கிறவர்கள். எண்ணி முடித்து, தொகையைத் தலைவர் காதில் சொல்லிவிட்டு, கவுண்ட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன்.

பிறகு வேண்டாம் என்கிறவர்கள். சிவப்பு மொத்தமும் தூக்கியது. நீலத்திலும் கைகள் எழுந்தன. அண்ணியின் கை, ஜன்னலைப் பார்த்தபடி.

அதையும் சொன்னேன்.

தலைவர் உதட்டுக்குள் கூட்டிப் பார்த்துக்கொண்டார். தீர்மானம் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது என்றார். இடப்பக்கம் கைதட்டினார்கள். பாதியிலேயே அதுவும் அடங்கிவிட்டது.

"எண்ணுன அக்காவோட ஓட்டு எங்க?" என்று சிவப்பில் ஒரு பெண் கேட்டாள்.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

தலைவர் வாயைத் திறப்பதற்குள் அண்ணி எழுந்தார்.

"விடுங்க தலைவரே. தலை எண்ணுறவ தன் தலைய எண்ணிக்க மாட்டா. எங்களுக்கும் அதே பழக்கந்தான்."

இரண்டு பக்கமும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார், கூட்டம் முடிந்தது என்று கையைக் காட்டினார். அண்ணி என்னைப் பார்க்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவை நோக்கி நடந்தார். வேலை போகப்போகிற நேரத்திலும் நாலு பேர் முன்னால் என்னைக் கூனிக் குறுக வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

பழக்கமாம்.

காலையில் ஸ்கூட்டரை விட்டு இறங்கியதும் நேரே தலைவரிடம் போய் இந்த வேலையைக் கேட்டு வாங்கியதே நான்தான். அண்ணி பார்க்க எந்தப் பக்கமும் கை தூக்காமல் தப்பிப்பதற்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை.

முதுகுக்குப் பின்னால் கவுண்ட்டர் வியர்வையில் வழுக்கியது. அதில் வேண்டாம் என்றவர்களின் தொகை அழியாமல் நின்றது. இன்னும் ஒன்று கூடினால் சமம்.

கையை முன்னால் கொண்டுவந்து, தலைவர் முகத்துக்கு நேரே நீட்டி அழுத்தினேன்.

டிக்.

அண்ணி இருபது வருடமாகக் கேட்ட சத்தம். கதவருகே அண்ணி நின்றுவிட்டார்.