புதன்கிழமைப் பட்டினி

"அக்கா, புதன்கிழமையானா மேனேஜருக்குச் சாப்பாடு கிடையாதா?"

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பதினொரு மணிக்கு உண்டு" என்றாள்.

மேனேஜர் என்பது ஒரு நாய். மனம் நொந்து வருகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லும் அந்த நிலையத்தில், பேச வாய் வராதவர்கள் முதலில் தடவிக் கொடுப்பது அதைத்தான். அங்கே இருந்த ஒரே மெத்தை நாற்காலியை அது பிடித்துக்கொண்டதால் வந்த பட்டப்பெயர்.

அக்கா அங்கே மூத்த ஆலோசகர். கேட்டவள் வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத சமூகப்பணியாளர். படித்த படிப்பின் சூடு இன்னும் ஆறவில்லை. நாயின் உணவு நோட்டைப் புரட்டியதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லா நாளும் காலை எட்டு மணிக் கட்டத்தில் டிக் இருந்தது. புதன்கிழமை மட்டும், மாதக்கணக்கில், காலி.

"பசியோட இருக்கிற மிருகத்தை வேலைக்கு விடக் கூடாதுக்கா. பயிற்சியில முதல் பாடமே அதுதான்."

"எனக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்தாங்க."

"அப்புறம் ஏன் இப்படி?"

"ஒருத்தர் என்னை நம்பிச் சொன்ன விஷயம் அது. அவர் கேஸ் உன் கைக்கு வந்தா உனக்குத் தெரியும். அதுவரைக்கும் கேட்காதே."

"நான் நிர்வாகத்துக்கு எழுதுவேன்."

"எழுது. தேதி போட மறந்துடாதே."

இருபது வருஷ அனுபவம் வந்துவிட்டால் வாயில்லா ஜீவனின் வயிறு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்கே இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதி, மறக்காமல் தேதியும் போட்டு வைத்தாள்.

அடுத்த புதன்கிழமை எட்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டாள். மேனேஜர் வாலை ஆட்டிக்கொண்டு காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. கிண்ணம் நிறையத் தீனி போட்டாள். அது போதாதென்று, வாங்கி வந்திருந்த பிஸ்கட் பாக்கெட்டையும் பிரித்து ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். அது தின்ற வேகத்தைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பத்தரை மணிக்கு அக்காவிடமிருந்து போன்.

"ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணுகூட இருக்கேன், இப்ப விட்டுட்டு வர முடியாது. பதினொரு மணிக்கு லிஃப்ட் மெக்கானிக் ஒருத்தர் வருவார். நீதான் அவர்கூட உட்கார்ந்து பேசணும். அலமாரியில நீல ஃபைல் இருக்கு. முதல் பக்கத்தைப் படிச்சிடு."

முதல் பக்கத்தில் அக்காவின் கோழிக் கிறுக்கல்.

'ஒரே மகளை விபத்தில் பறிகொடுத்தவர். இனி உயிரோடு இருக்கப் போவதில்லை என்றார். டாக்டரிடம் பேசி சிகிச்சைக்கு ஏற்பாடு செய்திருக்கிறேன். நான் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை. நாய் இரண்டு நாளாக யார் கொடுத்தாலும் சாப்பிடவில்லை என்று ஒரு பொய் சொன்னேன். அவர் கையால் கொடுத்ததும் சாப்பிட்டது. நீங்கள் வந்தால்தான் இது சாப்பிடும் போலிருக்கிறது என்றேன். சரி, அடுத்த புதன் வரைக்கும் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.'

கீழே புதன்கிழமைத் தேதிகள் வரிசையாக இருந்தன. எண்ணினாள். முப்பத்தெட்டு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரே சொல்தான்: வந்தார்.

திரும்பிப் பார்த்தாள். மேனேஜர் உண்ட மயக்கத்தில் நாற்காலியில் சரிந்து கிடந்தது.

சொன்ன நேரத்துக்கு அவர் வந்தார். ஐம்பதைத் தாண்டிய ஒடிசலான ஆள். நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு. அவளுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, நாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பையிலிருந்து டப்பாவை எடுத்தார்.

"என்ன சார், இன்னைக்குத் தூக்கமா? எழுந்திருங்க, சாப்பிடலாம்."

நாய் முகர்ந்து பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மறுபடியும் நீட்டினார். அது கொட்டாவி விட்டது.

நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பிறகு டப்பாவை மெதுவாக மூடினார்.

"சாருக்கு இனிமே நான் வேண்டாம் போலிருக்கு" என்றார்.

அவள் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள்தான். ஆனால் அது தானாக வாயில் வந்தது.

"அப்படி இல்லைங்க. ரெண்டு நாளா அதுக்கு உடம்பு சரியில்லை. யார் கொடுத்தாலும் தொட மாட்டேங்குது. நீங்க வந்தா சாப்பிடும்னுதான் நாங்களும் காத்திருந்தோம். நாளைக்கு ஒரு தடவை வந்து பார்க்கிறீங்களா?"

அவர் நாயின் முகத்தைக் கையில் ஏந்தி, கைக்குட்டையை எடுத்து, அதன் மீசையில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைப் பொறுமையாகத் துடைத்துவிட்டார்.

அவள் முகம் செத்துப்போனது.

"காலையிலயே போட்டுட்டீங்களா? நல்லதும்மா. புதன்கிழமையானா இது பசியோட கிடக்குது. எனக்கே பாவமா இருக்கும், எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

"அப்ப... உங்களுக்குத் தெரியுமா?"

"ரெண்டாவது வாரமே தெரியும். நான் வர்றது வாரத்துல ஒரு நாள். நான் கொடுத்தாத்தான் சாப்பிடும்னா, இது இப்படிக் கொழுகொழுன்னு இருக்குமா?"

"தெரிஞ்சும் ஏங்க வந்தீங்க?"

"எனக்காக ஒருத்தங்க வாரா வாரம் ஒரு பொய்யைச் சொல்லிட்டு, நான் வர்ற வரைக்கும் வாசலையே பார்த்துட்டு இருக்காங்க. வரலைன்னா அவங்க தாங்குவாங்களாம்மா?"

எழுந்து, டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இப்ப நீங்களும் சேர்ந்துட்டீங்க. நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?"