ஆடும் நாற்காலியில் பெண்ணின் அப்பா

மாப்பிள்ளை வீட்டார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தும் பெண்ணின் அப்பா நாகையா எழுந்திருக்கவில்லை.

ஹால் நடுவே ஒரு ஆடும் நாற்காலி. அதில் சாய்ந்து, இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க. எல்லாரும் உக்காருங்க" என்றார், ஆடியபடியே.

குமுதாவுக்குப் பகீரென்றது. இந்தச் சம்பந்தத்தைப் பேசிக் கொண்டுவந்தவளே அவள்தான். பெண் லோகேஸ்வரி, பங்சார் ஆபீசில் அவளுடன் வேலை பார்ப்பவள். பையனின் அம்மா சீதாலெட்சுமி கோயிலில் பழக்கம். பையன் திருச்செல்வமும் லோகேஸ்வரியும் போனில் பேசி, இருவருக்கும் பிடித்துவிட்டது. இன்றைக்குப் பெரியவர்கள் தட்டு மாற்றிக்கொண்டால் முடிந்தது. இரண்டு அப்பாக்களையும் குமுதாவே இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

சீதாலெட்சுமி குமுதாவின் காதைக் கடித்தார்.

"ரவாங்லேர்ந்து கிள்ளான் வரைக்கும் ஜாம்ல ஊர்ந்து வந்திருக்கோம். மனுஷன் எழுந்திருக்கக்கூட மாட்டேங்கிறாரு?"

"வயசானவரு லா, அக்கா..."

"எங்க வீட்டுக்காரரைவிடவா வயசு? அவரு நிக்கிறாரு பாரு."

அவர் வீட்டுக்காரர் கமலநாதன், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் பொதுவாகச் சிரித்துக்கொண்டு நின்றிருந்தார்.

எதையாவது பேசி நிலைமையைச் சமாளிக்க வேண்டுமே! குமுதா வாயில் வந்ததைச் சொன்னாள்.

"அங்கிள், இந்த ராக்கிங் சேர் ரொம்ப நல்லாருக்கு!"

நாகையா அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"இதைக் கண்டுபிடிச்சவன் யாருன்னே தெரியாதும்மா. தொட்டிலுக்கு அடியில வளைஞ்ச கட்டை இருக்குமில்ல? அதை எவனோ ஒருத்தன் நாற்காலிக்கு மாட்டிட்டான். அவ்வளவுதான், வெள்ளைக்காரன் வீட்டு வராந்தாவெல்லாம் ஆட ஆரம்பிச்சிடுச்சு. புள்ளையத் தூங்க வைக்கிற அம்மா, பேப்பர் படிக்கிற துரை, எல்லாரும் இதுலதான். இது ஒரு துரை பங்களாவுல இருந்ததுன்னு சொல்லி பழைய சாமான் கடைக்காரன் என் தலையில கட்டினான். பொய்யாக்கூட இருக்கும். ஆனா ஏறி உக்காந்துட்டா எறங்க மனசு வராது லா!"

நன்றாகத் தெரிகிறது என்று குமுதா மனதுக்குள் பல்லைக் கடித்தாள்.

நாகையா கமலநாதனைப் பார்த்தார். "உங்க வீட்ல இந்த மாதிரி இருக்காண்ணே?"

"ரொம்ப சந்தோஷம், ரொம்ப சந்தோஷம்" என்றார் கமலநாதன்.

"எங்க வீட்ல எல்லாம் சோபாதான்" என்று சீதாலெட்சுமி அவசரமாகக் குறுக்கே புகுந்தார்.

லோகேஸ்வரி காப்பி கொண்டுவந்தாள். எல்லாரும் குடித்தார்கள். நாகையாவின் காப்பி மட்டும் மேசை மேலேயே ஆறியது.

"அப்பா அப்புறமா குடிப்பாரு" என்றாள் லோகேஸ்வரி, யாரும் கேட்பதற்கு முன்பே.

சீதாலெட்சுமிக்கு மூக்கு விடைத்தது. நம்மோடு சேர்ந்து ஒரு வாய் காப்பி குடிக்கக்கூட இவருக்கு மனசில்லை! இருந்தாலும் அடக்கிக்கொண்டு, வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்த தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அப்படி மேசை மேல வச்சிடுங்கம்மா. லோகா எடுத்துக்குவா" என்றார் நாகையா. நாற்காலி இன்னும் வேகமாக ஆடியது.

அவ்வளவுதான்.

"மேசை மேல வைக்கிறதா? பொண்ணைப் பெத்தவரு எழுந்து நின்னு, ரெண்டு கையாலயும் வாங்கணும். அதான் எங்க முறை. இல்லேன்னா இந்தத் தட்டு வந்த கார்லயே திரும்பிப் போகும்."

"அம்மா..." என்றான் திருச்செல்வம்.

"நீ சும்மா இருடா. மரியாதை தெரியாத வீட்ல என்ன சம்பந்தம்?"

லோகேஸ்வரியின் கண் கலங்கிவிட்டது. "அப்பா, வேணாம்ப்பா. நான் சொல்லிடறேன்."

நாகையா காலை ஊன்றினார். நாற்காலி நின்றது. அவர் உடம்பு நிற்கவில்லை.

தட்டுத் தடுமாறி எழுந்து, இரண்டு கைகளையும் நீட்டித் தட்டை வாங்கினார். வாங்கிய வேகத்தில் தட்டு கிடுகிடுவென்று நடுங்கியது. பாக்கு தரையெங்கும் சிதறியது. ஒரு ஆரஞ்சு உருண்டு சோபாவுக்கு அடியில் போனது. லோகேஸ்வரி ஓடிவந்து தட்டைத் தாங்கிப் பிடித்தாள்.

"நரம்பு வியாதிம்மா" என்றார் நாகையா. "மருந்து சாப்பிட்டுக்கிட்டுதான் இருக்கேன். சொன்னா, பரம்பரை வியாதியான்னு கேப்பீங்க. என்னால பொண்ணு வாழ்க்கை கெட்டுடக் கூடாதில்ல? நாற்காலி ஆடிக்கிட்டே இருந்தா, நான் ஆடறது யாருக்கும் தெரியாது. மறைச்சது தப்புதான். தட்டை எடுத்துக்கிட்டுப் போறதுன்னா போங்கம்மா, நான் கோவிச்சுக்க மாட்டேன்."

குமுதா குனிந்து சிதறிய பாக்கைப் பொறுக்கினாள். இந்த மனிதரையா திமிர் பிடித்தவர் என்று நினைத்தோம்! சம்பந்தம் முறிந்ததுதான் என்று நினைத்தவளுக்கு, சீதாலெட்சுமியின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"ரொம்ப சந்தோஷம், ரொம்ப சந்தோஷம்" என்றார் கமலநாதன், நாகையாவைப் பார்த்து அதே சிரிப்போடு.

சீதாலெட்சுமி தலைகுனிந்தார். மெல்லத் தன் கைப்பையைத் திறந்து, காது மிஷினை வெளியே எடுத்துக் கணவர் கையில் வைத்தார்.

"மாட்டிக்குங்க" என்று அவர் காதருகே கத்திச் சொன்னார். "கழட்டச் சொன்னது என் தப்புதான். சம்பந்தி என்ன சொல்றாருன்னு முதல்லேர்ந்து கேளுங்க!"