நாலு தாளிலும் ஒரே பலாக்காய்

"இந்த நாலு பேற்றை பேரையும் வெட்டுங்கோ சேர்! அப்பட்டமான கொப்பி!"

விரிவுரையாளர் தியாகராஜா நாலு விடைத்தாள்களை அதிபரின் மேசையில் ஓங்கி அடித்தார். அவருக்குக் கோபம் வந்தால் மேசைதான் பாவம்.

அதிபர் திருச்செல்வம் மூக்குக் கண்ணாடியை எடுத்தார். "என்ன நடந்தது?"

"வரத்துக் குறைஞ்சால் விலை ஏன் ஏறுது எண்டு கேட்டனான். புத்தகத்திலை இங்கிலாந்துக் கோதுமையை வைச்சு விளக்கியிருக்கு. இவங்கள் வத்தேகம சந்தைப் பலாக்காயை எழுதியிருக்கிறாங்கள். நாலு தாளிலும் ஒரே பலாக்காய்!"

1934ஆம் வருஷம். லண்டன் பல்கலைக்கழகத்தின் இன்டர் பரீட்சைக்குக் கண்டியில் ஆள் தயார் செய்கிற கல்லூரி அது. பரீட்சைப் பட்டியலில் பெயர் வெட்டுப்பட்டால் ஒரு வருஷம் பாழ்.

நாலு பேரில் ஒருவனான நளீரைக் கூப்பிட்டார்கள். வத்தேகமக்காரன்.

"பார்த்து எழுதினீங்களோ?" என்றார் அதிபர்.

"அல்லாவே, இல்ல சேர்! எங்க வாப்பா சந்தையில பலாக்காய் விக்கிறவர். மழைக்கு வண்டி வராட்டி விலை ஏறும். அத வெச்சுத்தான் மத்தவங்களுக்கு விளங்கப்படுத்தினேன்."

"ஏன், புத்தகத்தைப் படிக்கக் கூடாதோ?"

"லைப்ரரியில இருக்கிறதே ஒன்னுதான். மூணு மாசமா யாரோ கொண்டுபோயிட்டாங்களாம்."

"சாட்டு!" என்று கத்தினார் தியாகராஜா. "படிப்பெண்டால் தனிய இருந்து படிக்கவேணும். கூட்டம் கூட இதென்ன சந்தையோ?"

நளீருக்கும் கோபம் வந்தது. ஆனாலும் குரல் உயரவில்லை.

"தனியப் படிச்சும் பார்த்தோம் சேர், விளங்கல்ல. இப்ப தினமும் மஹய்யாவயில ஒரு அறையில கூடுறோம். ஒருத்தனுக்கு விளங்காட்டியும் யாரும் எழும்புறல்ல. பேரை வெட்டினாலும் நாளைக்கும் கூடுவோம்."

அதிபர் அவனை உற்றுப் பார்த்தார். "வேறை ஆர் வாறவை?"

நளீர் கொஞ்சம் தயங்கினான். "நாங்க நாலு பேர்தான் சேர்."

அப்போது, வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த ஒருவன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். தியாகராஜாவின் மகன் யோகேந்திரன். அவனுக்கும் அதே வகுப்புத்தான்.

"நீ ஏன் இஞ்சை வந்தனி? போ!" என்று தகப்பன் சீறினார்.

அவன் அசையவில்லை.

"நளீர் பொய் சொல்லுறான் சேர். என்னோடை சேர்த்து அஞ்சு பேர். நானும் பலாக்காய்தான் எழுதினனான். அப்பா என்ரை தாளை மட்டும் ஒளிச்சுப்போட்டார். எனக்கெண்டு அவர் எடுத்துவந்த அந்த லைப்ரரிப் புத்தகம் மூண்டு மாசமா எங்கடை வீட்டு அலுமாரியிலைதான் கிடக்கு. அதை நாலு தரம் வாசிச்சும் விளங்காமல்தான் நளீரிட்டைப் போனனான்."