கண்ணாடி, ஒன்பது நாள்

இப்போதெல்லாம் இணையக் கடை ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த வீட்டு நாணயத்திலேயே விலை சொல்கிறது. ஜுலைகா வீட்டில் நாணயம் என்பது நாள்தான். எதை வாங்கினாலும், மஸ்கட்டில் வேலை பார்க்கும் கணவன் ஊர் திரும்புவது அத்தனை நாள் தள்ளிப்போகும். மிக்ஸிக்கு நான்கு நாள், செருப்புக்கு அரை நாள்.

மகள் ஷிஃபாவுக்குக் கண்ணாடி போடச் சொல்லிப் பள்ளியில் எழுதிக் கொடுத்தார்கள். விலை, ஒன்பது நாள். ஜுலைகா வாங்கும் பொத்தானை அழுத்தப் போனபோது மகள் அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் உம்மா. எனக்கு போர்டு நல்லாத்தான் தெரியுது. வாப்பா சீக்கிரம் வரட்டும்."

நம்புவது லேசாக இருந்தது, ஜுலைகா நம்பிவிட்டாள்.

ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாமல் அவன் வந்து இறங்கினான். விமான நிலைய வாசல் கூட்டத்துக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டே கையசைத்தான். ஷிஃபா கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள்.

"உம்மா, இதுல வாப்பா யாரு?"