காப்பாளர் கையெழுத்து

“இங்க பாரும்மா, நீ தலைகீழா நின்னாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

கால்நடை டாக்டர் பேனாவைச் சட்டைப்பையில் செருகி, யாரோ பறித்துவிடப் போவது போல அதன் மேல் கையையும் வைத்துக்கொண்டார். பல்கலைக்கழக அலுவலக வரிசையில் அவர்களுக்கு முன்னால் இன்னும் நான்கு பேர் நின்றார்கள். சேர்க்கைக்கு இன்றுதான் கடைசி நாள். ஐந்து மணிக்குக் கவுண்ட்டரை மூடிவிடுவார்கள்.

“போடுப்பா. காப்பாளர் கையெழுத்து இல்லாம வாங்க மாட்டாங்களாம். நம்ம வீட்டுல உன்னை விட்டா வேற யாரு இருக்கா?”

எட்டு நாளாக இதே கெஞ்சல். அவளுக்கு இடம் கிடைத்திருந்தது விலங்கு உடலியலில், நான்கு வருடப் பட்டப்படிப்பு. எந்த வருடம் எந்தப் பாடம் என்று நோட்டில் கட்டம் போட்டே வைத்துவிட்டாள். முதல் வருடம் உயிர்வேதியியல், அடுத்து ரத்த ஓட்டம், அப்புறம் செரிமானம், கடைசியில் ஹார்மோன்கள். கணக்குக்கு மட்டும் இரண்டு கட்டம், ஒருமுறை கோட்டைவிட்டால் சமாளிக்க.

“நாலு வருஷம்! முடிச்சுட்டு வர்றப்ப உனக்கு என்ன வயசாகும்னு யோசிச்சியா? சொந்தக்காரங்க என் மூஞ்சிக்கு நேராத்தான் கேப்பாங்க. அப்படிப் படிச்சும் ஒரு ஊசி போட முடியாது. பேசாம ரெண்டு மாசம் கம்ப்யூட்டர் கிளாஸ் போயிட்டு வீட்டோட இரு.”

“எனக்கு ஊசி போட வேண்டாம்ப்பா. ஏன்னு தெரியணும். உன் கிளினிக்குல தினம் மாட்டுத் தலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். காய்ச்சல் வந்தா அதுக்கு மூக்கு ஏன் காயுதுன்னு கேட்டா, ‘காயும்’ங்கற.”

“காயும்தானே!”

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவளை விலங்கு உடலியலில் சேர்த்தால் அந்தத் துறை என்ன கதிக்கு ஆளாகும் என்று டாக்டருக்கு எரிச்சலாக வந்தது. அவள் கையிலிருந்த காகிதங்களைப் பிடுங்கிப் புரட்டினார். பள்ளிச் சான்றிதழ் பழுப்பேறி, மடிப்பில் கிழிந்து, மூன்று இடத்தில் டேப் ஒட்டிக் கிடந்தது.

“ஒரு காகிதத்தைக்கூட ஒழுங்கா வச்சுக்கத் தெரியல. நீ படிக்கப் போறியாக்கும்!”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அழுதால் அதையும் ஒரு காரணமாகச் சொல்வார் என்று மூக்கை உறிஞ்சி அடக்கிக்கொண்டாள். வரிசை நகர்ந்தது. மணி நாலு ஐம்பது.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லிட்டா வீட்டுக்குப் போயிடலாம். மிரண்ட மாடு பாலை அடக்கிக்குதே, மடி நிறைய இருக்கற பால் ஏன் இறங்க மாட்டேங்குது?”

“அது... ஹார்மோன்.”

“என்ன ஹார்மோன்? அதை எது தடுக்குது?”

டாக்டர் வாயைத் திறந்தார். கல்லூரியில் பத்து மதிப்பெண் வாங்கித் தந்த விடை அது. பரீட்சை முடிந்த மறுநாளே பறந்துபோயிருந்தது. பின்னால் நின்றவர் வேறு, பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி எட்டிப் பார்த்தார்.

“படிச்சேன். மறந்துபோச்சு.”

“அது நாலாம் வருஷப் பாடம்ப்பா. படிச்சுட்டு வந்து உனக்கும் சொல்றேன். போடுப்பா.”

டாக்டர் பேனாவை எடுத்தார். காகிதமே கிழிந்துவிடும் போல அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.

கவுண்ட்டரின் கண்ணாடிக்குக் கறுப்பு வண்ணம் அடித்திருந்ததால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியவில்லை. கீழே இருந்த சந்து வழியாகக் காகிதங்கள் உள்ளே போயின, எழுத்தரின் குரல் வெளியே வந்தது.

“எல்லாம் சரியா இருக்கு. காப்பாளர் உங்களுக்கு என்ன உறவுங்கற இடத்தை மட்டும் விட்டுட்டீங்க. ‘போடுப்பா, போடுப்பா’ன்னு கெஞ்சினது இங்க வரைக்கும் கேட்டுச்சு. அதனால நானே அப்பான்னு எழுதிட்டேன்.”

அவள் சந்துக்கு நேராகக் குனிந்தாள்.

“அதை அடிச்சிடுங்க சார். இவன் என் மூத்த பையன்.”