சிக்கனம் பழகிய டிவி

“இன்னும் ஒரே நிமிஷம். அந்தப் பொம்பளையோட கதைய முடிச்சிடறேன்” என்று பல்லைக் கடித்தார் கணக்காளர். பக்கத்து மேசையில் இருந்த காசாளர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

கொலையெல்லாம் ஒன்றுமில்லை. கணக்காளரின் மனைவி தினமும் மத்தியானம் பார்க்கும் சீரியலில், நாயகி உண்மையைச் சொல்ல வாயைத் திறக்கும் நேரம் அது. போனில் அலாரம் அடித்ததும் கணக்காளர் திரையை ஒரு தட்டுத் தட்டினார்.

“டிவி காலி!”

வீட்டில் உள்ள அத்தனை சாமான்களுக்கும், போனிலிருந்தே போட்டு அணைக்கிற ஸ்மார்ட் பிளக் வாங்கியிருந்தார் மனிதர். ‘மிக்ஸி’, ‘இஸ்திரிப்பெட்டி’, ‘டிவி’ என்று தன் மணிமணியான கையெழுத்தில் சீட்டு எழுதி ஒவ்வொன்றிலும் ஒட்டினார். எது எவ்வளவு கரண்டு இழுக்கிறதென்று ஆபீசில் உட்கார்ந்தபடியே கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பார். டிவி பிளக்கை மட்டும் மனைவிதான் மாட்டினாள். டிவி அலமாரிக்குப் பின்னாலிருந்த இடுக்கில் அவருடைய தொந்தி நுழையவில்லை.

“பாவம் சார், கடைசி ரெண்டு நிமிஷந்தானே? பாத்துட்டுப் போகட்டுமே” என்றார் காசாளர்.

“சீரியல் முடிஞ்சதும் திரும்பப் போட்டு விட்டுடுவேன். நான் என்ன கல்நெஞ்சக்காரனா? மொதல்ல தாம்தூம்னு குதிச்சா. இப்ப ஒரு மாசமா மூச்சு விடறதில்ல. அவள விடுங்க, டிவியே சிக்கனமாயிடுச்சு! முன்ன இழுத்த கரண்டுல கால்வாசிகூட இப்ப இழுக்கறதில்ல. எல்லாம் நம்ம வளர்ப்பு!”

மறுநாள் காலை மேனேஜர் மேடம் அவரை அறைக்குள் கூப்பிட்டார். தலைமைக் கணக்காளர் நாற்காலி காலியாக இருந்தது. ரொம்ப நாளாக அதன்மேல் அவருக்கு ஒரு கண். மேடம் ஒரு வார்த்தை சொன்னால் நாற்காலி அவருக்கு, முகம் சுளித்தால் வேறு யாருக்கோ.

“நீங்க கரண்டு விஷயத்துல கில்லாடியாமே? மத்தியானம் நான் வீட்ல இருந்து மேலிடத்தோட பேசும்போது வைஃபை பொட்டுனு போயிடுது. கம்பெனி ஆள் வந்து பாத்துட்டு, எல்லாம் சரியாத்தான் இருக்குங்கறான். நான் வேணும்னே கம்பி நீட்டறேன்னு மேல நெனைக்கறாங்க சார்!” மேடம் மேசையில் ஓங்கித் தட்டினார். “யாரோ திட்டம் போட்டுப் பண்றாங்க. அந்த ஆள் மட்டும் என் கையில கெடச்சான்...”

“தோலை உரிச்சிடலாம் மேடம்!” என்றார் கணக்காளர்.

“கண்டுபிடிங்க. அந்த நாற்காலி உங்களுக்குத்தான்.”

மேடத்தின் வீடு ஒன்றும் தூரமில்லை. கணக்காளர் குடியிருக்கும் அதே கட்டடத்தில், அவர் தலைக்கு நேர் மேலே போன மாதம்தான் குடிவந்திருந்தார். அன்று மத்தியானமே இருவரும் ஆபீசிலிருந்து கிளம்பினார்கள். மேடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மேலிடத்தோடு தேன் ஒழுகப் பேச, கணக்காளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேசைக்கு அடியில் தவழ்ந்தார். மூலையில் வைஃபை பெட்டி சமர்த்தாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. சீரியல் நேரம்! பழக்க தோஷம், கை தானாகப் போனை எடுத்துத் தட்டியது.

வைஃபை பெட்டி அணைந்தது.

“ஐயோ, போச்சு! மறுபடியும் போச்சு!” என்று நாற்காலியிலிருந்து மேடம் அலறினார். கீழ்வீட்டு ஜன்னல் வழியாக, சீரியல் நாயகி ஜம்மென்று ஒப்பாரி வைப்பது கேட்டது.

கணக்காளருக்கு ஒன்றும் ஓடவில்லை. இன்னும் ஓரடி தவழ்ந்து பெட்டியின் பிளக்கைத் திருப்பிப் பார்த்தார். மணிமணியான கையெழுத்தில் ‘டிவி’ என்று எழுதியிருந்தது.

சட்டென்று போனை மறுபடி தட்டினார். பெட்டி உயிர் பெற்றது.

“வந்துடுச்சு! என்ன சார் பண்ணீங்க?”

“லூஸ் கனெக்‌ஷன் மேடம். இனிமே... ஜென்மத்துக்கும் போகாது.”

“கையெடுத்துக் கும்பிடறேன் சார்! இன்னிக்கே உங்க பேரை மேல அனுப்பிடறேன்.”

தப்பித்தோம் பிழைத்தோமென்று படியிறங்கி வீட்டுக்குள் நுழைந்தார். மனைவி சோபாவில் காலை நீட்டி, கடைசிக் காட்சியை ரசித்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சத்தத்தைக் குறைத்தாள்.

“மேடம் குடிவந்த அன்னிக்கு வைஃபை மாட்ட ஒரு பிளக் இருக்குமான்னு கேட்டாங்க, குடுத்தேன். நம்ம வீட்டு சிக்னல் மாடி வரைக்கும் எட்டும்னு எனக்கென்னங்க தெரியும்?” என்றாள். முகத்தில் பால் வடிந்தது.

“அடிப்பாவி! மேடம்கிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதம்மா. என் நாற்காலியே போயிடும்!”

“சேச்சே, நான் ஏன் சொல்லப்போறேன்?” என்று கையை நீட்டினாள். “போனை இப்படிக் குடுங்க.”