தகவல் சொல்ல வேண்டியவர்

"எங்கப்பா பேரு என்னம்மா? மொதல்ல அதச் சொல்லு."

போனில் பேசிய பெண் கொஞ்சமும் தயங்கவில்லை.

"வேலாண்டி, ஐயா."

அவர் மூச்சு விட்டார். ஆஸ்பத்திரிதான்.

அவருடைய அப்பன் பெயர் வேலாண்டி இல்லை. கேட்கிற இடத்திலெல்லாம் ஒவ்வொரு பெயர் சொல்லி வைப்பது அவர் வழக்கம். சீட்டுக் கம்பெனிக்கு ஒன்று, செல்போன் கடைக்கு ஒன்று. எவன் பேசினாலும் அப்பன் பெயரைக் கேட்பார். எந்த இடத்துக் காகிதம் எவன் கையில் இருக்கிறது என்று தெரிந்துபோகும். நாலைந்து பயல்கள் அப்படி மாட்டியிருக்கிறார்கள்.

வேலாண்டி, குடலிறக்கத்துக்கு அறுத்த ஆஸ்பத்திரிக்கு மட்டும் கொடுத்த பெயர்.

நேற்று அந்த ஆஸ்பத்திரி பெயரில் ஒரு சேதி வந்திருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தார். எங்கள் கம்ப்யூட்டரில் திருட்டு நடந்துவிட்டது. நோயாளிகளின் விவரங்கள் வெளியே போயிருக்கலாம். யாருக்கும் ஓடிபி சொல்லாதீர்கள். நாங்கள் யாரையும் போனில் கூப்பிடுவதில்லை.

களவு போனதை எந்த ஆஸ்பத்திரிக்காரன் வாய்விட்டுச் சொல்வான்? இதுதான் பித்தலாட்டம் என்று அழித்துப் போட்டார்.

இவள் பேச்சு வேறு. தங்கமான பேச்சு.

"உங்க விவரத்தையெல்லாம் பத்திரமா அழிச்சிடலாங்க ஐயா. ஆறு நம்பர் வரும், அதச் சொன்னா போதும். அதுக்கு முன்னாடி ஒருதடவ சரிபார்த்துக்கலாமா?"

"பாரு தாயி."

ரத்த வகை சொன்னாள். சரி. பாங்கி பெயர் சொன்னாள். சரி.

"அவசரத்துக்குத் தகவல் சொல்ல வேண்டியவர், மகள் பொன்ராணி. ஓசூர்."

தெருவைச் சொன்னாள். வீட்டு எண்ணைச் சொன்னாள். இரண்டாவது மாடி என்றாள்.

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

மகள் முகவரியை அங்கே மட்டும்தான் நிஜமாகச் சொல்லியிருந்தார். கத்தி வைக்கப் போகிற பயத்தில். செத்துகித்துப் போனால் பிள்ளைக்குத் தெரியட்டும் என்று.

பொன்ராணி ஓசூரில் இருப்பது அவள் கூடப்பிறந்தவனுக்குக்கூடத் தெரியாது. அவள் புருஷன் எட்டு மாதமாகத் தேடுகிறான். போன வாரமும் வாசலில் வந்து நின்றான். முதுகுப் பக்கம் அரிவாள்.

"எங்க மாமா அவ?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். துபாய்க்குப் போய்விட்டாள் என்றார். கையெடுத்துக் கும்பிட்டார்.

இப்போது முன்பின் தெரியாத ஒருத்தி, மளிகைச் சீட்டு மாதிரி வாசிக்கிறாள்.

நாங்கள் யாரையும் போனில் கூப்பிடுவதில்லை.

அப்போதுதான் உறைத்தது. சேதி நிஜம். திருட்டு நிஜம். வேலாண்டி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெயர்தான். கொண்டுவந்தவள் ஆஸ்பத்திரிக்காரி இல்லை.

 அவசரமாகக் குறுக்கிட்டார்.

"அது தப்பு. அவ இல்ல. செத்துப் போயிட்டா."

சொன்ன வாயைக் கையால் அடித்துக்கொண்டார்.



"அப்படிங்களா ஐயா? காலையில பேசினப்ப நல்லாத்தானே இருந்தாங்க."

குரல் இன்னும் தங்கமாகத்தான் இருந்தது.

போனை வைத்துவிடலாம். வைத்தால் தப்பலாம். அவர் மட்டும்.

அந்த முகவரி இவளிடமே இருக்கும். விலை கொடுத்தால் எவனுக்கும் விற்பாள். தேடுகிறவன் கொடுப்பான்.

போன் அதிர்ந்தது. ஆறு எண்கள் வந்து நின்றன.

பாங்கியில் கிடப்பது, முப்பது வருஷம் தீப்பெட்டி ஆபீசில் குச்சி முக்கிச் சேர்த்தது. அதற்குமேல் ஒன்றும் கிடையாது.

"நீ யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு தாயி."

அவள் போனை வைக்கவில்லை. 

"பாங்கில கெடக்கிறத எடுத்துக்க. போலீசுக்குப் போகமாட்டேன். அந்த அட்ரஸ மட்டும் கிழிச்சிரு."

 எங்கோ ஃபேன் சுற்றும் சத்தம்.

"சொல்லுங்க ஐயா."

கிழிப்பேன் என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். ஒன்றுகூடத் தப்பாகிவிடக் கூடாது. எண்களின்மேல் விரலை வைத்தார்.

"நாலு," என்றார். "எழுதிக்கிட்டியா?"